மேக்கணக்கு லைன்

பதுளையின் தகடு காலையிலிருந்து விழவே இல்லை.

அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்கள் சந்தித் தபால் கந்தோரின் பின்னறையில் ஒரு மழை நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரு பெரிய மரப்பலகை, அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டைக்கும் மேலே ஒரு பித்தளைத் தகடு. எங்கோ ஒரு தோட்டத்தில் யாராவது டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் அந்த இடத்துத் தகடு டக்கென்று கீழே விழும். தனலெட்சுமி வயரை அந்த ஓட்டையில் குத்தி "சொல்லுங்க" என்பாள். அவர்கள் கேட்கிற இடத்து ஓட்டையில் வயரின் மறுமுனையைக் குத்தி, மணியடித்துக் கொடுப்பாள். உத்தியோகம் என்றால் அவ்வளவுதான். ஆனால் நமுனுகுல மலையின் அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து ஒரு சொல் வரவேண்டுமென்றால் பதுளைத் தகட்டின் வழியாகத்தான் வரவேண்டும்.

இன்றைக்குப் பார்த்தா அது கெட்டுப்போக வேண்டும்!

முதல் நாள் இரவெல்லாம் மகள் ஜெயாவுக்கு இழுப்பு. ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ ஓலைப்பாயைக் கிழிப்பது போன்ற சத்தம். தோட்டத்து டிஸ்பென்சரியின் டொக்டர் ஐயா காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இங்க வச்சிருக்காத, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனலெட்சுமியின் புருஷன் கந்தப்பன் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியின் டிரைவர். துரையிடம் கெஞ்சி லொறியை வாங்கி, பிள்ளையைக் கம்பளியில் சுற்றி முன்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு மத்தியானம் புறப்பட்டான். தனலெட்சுமியால் கூடப் போக முடியவில்லை. போஸ்ட் மாஸ்டர் லீவு; பலகையை விட்டு எழுந்து போனால் வேலை போய்விடும். தோட்டக் கூலிகளின் லயத்திலிருந்து படித்து வந்த ஒருத்திக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று இன்னும் பொறாமைப்படுகிறவர்கள் இருந்தார்கள்.

"போய்ச் சேந்ததும் டெலிபோன்ல கோல் எடுக்கிறேன்" என்று கந்தப்பன் ஜன்னல் வழியாகச் சொன்னான். ஜெயா கையை ஆட்டவில்லை. மூச்சு விடுவதற்கே அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

லைன்மேன் ஷுக்ரி மழைக்கோட்டோடு வந்து பலகையின் பின்கதவைத் திறந்து நோண்டிப் பார்த்தார். "இங்கேருந்து பதுளைக்குப் போகுது. அங்கேருந்து வாறதுதான் விழுகுதில்ல. தகட்டுக் காந்தம் செத்துட்டு. நாளைக்குக் கொண்டாந்து போடுறன்."

"நாளைக்கா? எம்புள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு ஷுக்ரி நானா. இந்தா, ஓரத்துல ஒரு ஓட்ட சும்மாத்தானே கெடக்கு? பதுளை வயர அதுல மாத்திக் குடுங்களேன்."

ஷுக்ரி அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. அந்த ஓட்டையில் ஒரு மரக்கட்டையை அடித்து, அதன்மேல் கறுப்பு நாடாவைச் சுற்றியிருந்தார்கள்.

"அது மேக்கணக்குட லைன். வாணாம் தங்கச்சி."

மேக்கணக்கு என்றால் பெரியமலைத் தோட்டத்தின் மேல் பிரிவு. இப்போது அப்படி ஒன்று கிடையாது. ஒரு மார்கழி மழையில் மலை அப்படியே இறங்கி லயத்தையும் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவையும் கோயிலையும் ஆட்களோடு மூடிவிட்டது. தோண்ட முடிந்தவரை தோண்டினார்கள். முடியாதபோது மண்ணுக்கு மேலேயே சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார்கள்.

"டெலிபோன் தூணெல்லாம் விழுந்த பொறகும் அந்தத் தகடு விழுந்துகிட்டே இருந்திச்சி" என்றார் ஷுக்ரி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "ஈர வயர் ஒண்டோடொண்டு முட்டுது, வேற ஒண்டுமில்ல. அதான் அடச்சி வச்சிருக்கம்." சொல்லிவிட்டு நிற்காமல் போனார். சாதாரணமாக ஒரு தேத்தண்ணியாவது குடிக்காமல் போகிற மனிதரில்லை.

அதற்குப் பிறகு மழை கனத்தது. பனிமூட்டம் தேயிலை மலையிலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, கந்தோர்ச் சன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பகலிலேயே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. ஈரச் சாக்கின் வாசம், அரக்கு வாசம், ஓட்டில் ஓயாத தண்ணீர்ச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு லொறி வருகிறதா, யாராவது ஓடிவருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் மூச்சே மகளின் இழுப்பு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. இந்நேரம் சேர்ந்திருப்பார்கள். சேர்ந்திருக்க வேண்டும்.

அவளே பதுளை எக்ஸ்சேஞ்சுக்கு மணியடித்தாள். அங்கே முஹ்ஸினா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் தலைவலி தொட்டுத் தீட்டு வரை பேசிக்கொள்கிற சிநேகம்.

"ஆஸ்பத்திரி லைன் இப்ப கிடைக்காது தனம். எல்லாப் பக்கமும் மண் சரிஞ்சி, ஒரே அவசரக் கோலா இருக்கு. நான் புக் பண்ணி வைக்கிறன். கிடைச்சதும் நானே ஒங்களுக்கு அடிக்கிறன்."

"நீங்க அடிச்சா இங்க விழ மாட்டேங்குதே முஹ்ஸினா!"

"அப்ப எதையாவது செஞ்சி விழ வைங்க" என்றாள் முஹ்ஸினா. அடுத்த கோலுக்காக லைனை வெட்டினாள்.

தனலெட்சுமி எழுந்தாள். திருப்புளியை எடுத்துப் பலகையின் பின்பக்கம் குனிந்தாள். ஷுக்ரி நானா பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும்; அவர் பிள்ளையா லொறியில் போகிறது? பதுளை வயர்கள் இரண்டையும் கழற்றுவது சுலபமாக இருந்தது. மேக்கணக்கின் பழைய வயர்களைத்தான் கழற்ற முடியவில்லை. ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. முக்கிப் பார்த்தாள், உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். கிடந்தால் கிடக்கட்டும் என்று, பழைய வயர்களின் மேலேயே பதுளை வயர்களையும் சுற்றி முறுக்கினாள். முன்னால் வந்து நாடாவைப் பிரித்தாள். கட்டையைப் பிடுங்கினாள். அது ஊறிப்போயிருந்தது. அறைக்குள்ளே இருந்த கட்டை எப்படி ஊறும் என்று ஒரு கணம் தோன்றியது. துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

டக்.

"ஐயோ, விழுந்திருச்சு!" தனக்குத்தானே சிரித்தபடி வயரைக் குத்தினாள். "பதுளை, சொல்லுங்க, சொல்லுங்க!"

முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. வெளியே பெய்கிற மழையில்லை. ஏதோ மூடிய இடத்துக்குள் சொட்டுகிற தண்ணீர். பிறகு ஒரு கிழட்டு ஆண் குரல், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல:

"கேதம் சொல்லணும். டிஸ்பென்சரிக்குக் குடுங்க."

தனலெட்சுமி ஏமாந்துபோனாள். ஆனால் கேதம் என்றால் கேதம். சாவுச் செய்தி கொண்டு வருகிறவனை லயத்தில் யாரும் வழிமறிப்பதில்லை. யார், எவர் என்று கேட்பதில்லை. சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லும்வரை அவனை விட்டுவிட வேண்டும். பலகையிலும் அவள் அதே முறையைத்தான் வைத்திருந்தாள். துரை பேசிக்கொண்டிருந்தாலும் வெட்டிவிட்டுக் கேதக் கோலுக்கு வழி விடுவாள். பெயர் கேட்கமாட்டாள். ஒட்டுக் கேட்கமாட்டாள், காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துவிடுவாள். மலையில் அதற்காகவே அவளை மதித்தார்கள்.

டிஸ்பென்சரிக்கு மணியடித்தாள். டொக்டர் ஐயா எடுத்து "ஹலோ" என்றதும் காதுக்கருவியைக் கழற்றினாள்.

பேசி முடித்தால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், தகடு விழ வேண்டும். நெடுநேரம் விழவில்லை. இன்னுமா பேசுகிறார்கள் என்று காதில் மாட்டிப் பார்த்தாள். சொட்டுச் சத்தம் மட்டும். "டொக்டர் ஐயா? முடிஞ்சுதுங்களா?" வயரைப் பிடுங்கி, மறுபடி டிஸ்பென்சரிக்கு மணியடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

பாவம், நெருங்கின சொந்தமோ என்னவோ. போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார் போலும்.

டக்.

அதே ஓட்டை. அதே குரல். "கேதம் சொல்லணும். பெரிய கிளாக்கர் வீட்டுக்குக் குடுங்க."

பெரிய கிளாக்கர் தம்பையாவின் வீடு கந்தோருக்கு மேல் வளைவில்தான் இருந்தது. அங்கே ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தது மழைக்குள்ளும் மெலிதாகக் கேட்டது. தனலெட்சுமி கொடுத்தாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். தம்பையா பேசுவதற்காகக் குறைத்திருப்பார். காதுக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அந்த ரேடியோவின் சத்தம் மறுபடி ஏறவே இல்லை. பாட்டு முடிந்து, பேச்சு முடிந்து, வெறும் இரைச்சல் வந்தபோதும் எழுந்து போய் அதை அணைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

தம்பையா, அவர் பெண்சாதி, இரண்டு குமர்ப்பிள்ளைகள். அவ்வளவு பேர் இருக்கிற வீடு அது.

கதவை யாரோ தட்ட, தனலெட்சுமி துள்ளிவிட்டாள். எதிர்க் கடை ஸவாஹிராதான். கணவர் ஹாஷிம் சாமான் எடுக்கப் பண்டாரவளை போய்விட்டதால் கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணியோடு வந்திருந்தாள். பாணுக்கும் வரிசையில் நிற்கிற அந்தப் பஞ்ச காலத்தில் பாதி ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள்.

"மூஞ்ச பாரு, பேயறைஞ்ச மாதிரி! குடிங்க புள்ள. மகள் போய்ச் சேர்ந்திட்டாவா?"

"கோலுக்குத்தாங்க காத்துக்கிட்டிருக்கேன் ராத்தா."

"வருவாங்க, வருவாங்க. ஆனா திரும்பி வர இண்டைக்கு ஏலாது. மேல் ரோட்டுலயும் மண், கீழ் ரோட்டுலயும் மண். பஸ் ஒண்டும் இல்ல. நாம நடுவுல மாட்டிக்கிட்டம்."

தனலெட்சுமி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "கீழ் ரோட்டுல எப்ப விழுந்துச்சு?"

ஸவாஹிராவுக்கு அப்போதுதான் உறைத்தது. "மத்தியான லுஹர் தொழுகைக்குப் பொறகுதான்... ஒங்கட மனுசன் அதுக்கு முந்தியே தாண்டியிருப்பார். அல்லாஹ் காவல். ஒண்டும் நினைக்காதீங்க." அவள் தனலெட்சுமியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் சேலையில் ஏலக்காய் மணந்தது. "நான் கடையிலதான் இருக்கன். பயமா இருந்தா எனக்கு ஒரு கோல் அடிங்க, ஓடி வாறன்."

போய்விட்டாள். சாலைக்கு அந்தப் பக்கம் கடையின் பெற்றோல்மேக்ஸ் வெளிச்சம் மட்டும் மூட்டத்துக்குள் மஞ்சளாகத் தெரிந்தது.

லுஹருக்குப் பிறகு. லொறி போனதும் மத்தியானம். தாண்டியிருப்பான். கந்தப்பன் அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான். தாண்டியிருப்பான்.

டக்.

குத்தினாள். பேசவில்லை.

"கேதம் சொல்லணும்" என்றது குரல். இப்போது அதற்குப் பின்னால் வேறு குரல்களும் இருந்தன. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் ஆட்கள் முணுமுணுப்பார்களே, அப்படி. நிறைய ஆட்கள்.

வாழ்நாளில் கேட்காத கேள்வியைத் தனலெட்சுமி கேட்டாள். "நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"மேக்கணக்கு."

பிடுங்கி எறிந்தாள். நாற்காலி சாய்ந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். டக். தகட்டைத் தூக்கிவிட யாருமில்லை. ஆனாலும் அது தானே எழும்பித் தானே விழுந்தது. டக். டக். பலகையின் பின்பக்கம் ஓடினாள். திருப்புளியை நீட்டினாள். கை நின்றது.

எல்லாம் ஒரே முறுக்கில் கிடந்தன. பழைய வயர், பதுளை வயர். எது எதுவென்று தெரியவில்லை. மேலெல்லாம் சிவப்பாகச் சேறு. வெட்டினால் இரண்டும் போகும். ஜெயாவைப் பற்றி ஒரு சொல் வருவதென்றால் இதன் வழியாகத்தான் வரவேண்டும். வெளியே ஓடலாம். எங்கே ஓட? மேலேயும் மண், கீழேயும் மண். ஸவாஹிரா கடைக்கு ஓடிவிட்டால் முஹ்ஸினா அடிக்கும்போது யார் எடுப்பது?

டக்.

முஹ்ஸினாவாக இருக்கலாம்.

டக்.

இல்லாமலும் இருக்கலாம். தெய்வமே, எதைச் செய்ய? மாரியம்மா, எம்புள்ளையக் காப்பாத்து. நாற்காலியை நிமிர்த்தினாள். உட்கார்ந்தாள். குத்தினாள்.

"தனம்? எவ்வளவு நேரமா அடிக்கிறன்!"

முஹ்ஸினா! தனலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லுங்க முஹ்ஸினா. எம்புள்ள?"

"ஆஸ்பத்திரியில கேட்டன். வார்டு வார்டா பார்த்தாங்களாம். அந்தப் பேர்ல புள்ள ஒண்டும் வரல்ல எண்டு சொல்றாங்க. தனம், கேக்குதா? பயப்படாதீங்க, வழியில எங்கயாவது ஒதுங்கி..."

"அம்மா."

லைனுக்குள் மூன்றாவதாக ஒரு சின்னக் குரல்.

"யாரது லைன்ல?" என்றாள் முஹ்ஸினா. "தனம், ஒங்கட பக்கமா? சின்னப் புள்ள ஒண்டு... என்ன மகள்? என்ன சொல்றீங்க?"

தனலெட்சுமிக்குக் கேட்காத ஏதோ ஒன்றை முஹ்ஸினா கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். "ம்." பிறகு மிகச் சின்னதாக, "எனக்கா?" என்றாள்.

அதோடு சரி. பதுளை எக்ஸ்சேஞ்சில் எப்போதும் கேட்கிற மணிச் சத்தங்களும் மற்றப் பெண்களின் பேச்சும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியில் சொட்டுச் சத்தம் மட்டும்.

"அந்த அக்காகிட்ட நான் சொல்லிட்டேம்மா" என்றாள் ஜெயா.

"ஜெயா! தங்கம்! எங்கம்மா இருக்க? அப்பா எங்க?"

"அப்பா இந்தா இருக்காரு. பேச மாட்டாரு. வாயெல்லாம் மண்ணும்மா." குழந்தை சாவதானமாகச் சொன்னாள். "இங்க இருட்டா இருக்கு. நெறையப் பேரு இருக்காங்க. ஒரு தாத்தாதான் எனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுத்தாரு. எனக்கு இப்ப இழுப்பு இல்லம்மா."

இல்லை. இழுப்பு இல்லை. மூச்சும் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

தனலெட்சுமியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. காதுக்கருவியை இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "பேசு தங்கம். பேசிக்கிட்டே இரு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"நீங்க குடுத்தாத்தான் பேச விடுவாங்களாம்."

"என்னம்மா குடுக்கணும்?"

"கேதம் சொல்லணும்மா. எல்லாருக்கும். இவங்க செத்ததுக்கு யாருமே கேதம் சொல்லி விடலியாம். அதனால இவங்களே சொல்றாங்களாம்." குரல் தேயத் தொடங்கியது. ஒரு கிணற்றுக்குள் யாரோ பிள்ளையை மெல்ல மெல்ல இறக்குவது போல. "அம்மா, என்னைய உள்ள இழுக்கிறாங்கம்மா. குடுங்கம்மா. சீக்கிரம் குடுங்க..."

"இரு! இருடா! போகாத!"

கை தானாகப் போனது. எந்த ஓட்டை என்று பார்க்கவில்லை. குத்தினாள். மணியடித்தாள்.

"ஆங்" என்றது ஜெயாவின் குரல், மறுபடி காதுக்குப் பக்கத்தில். "இப்ப நல்லாக் கேக்குது."

சாலைக்கு அந்தப் பக்கம், மூட்டத்துக்குள், கடையில் டெலிபோன் அடித்தது. பெற்றோல்மேக்ஸ் வெளிச்சத்தில் ஸவாஹிரா எழுந்து வருவது சன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் கந்தோர்ப் பக்கம் பார்த்தாள். தனலெட்சுமிதான் கூப்பிடுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தா வந்துட்டேன் என்பது போல ஒரு கையை ஆட்டினாள்.

வயரைப் பிடுங்கிவிடலாம். இன்னும் நேரம் இருந்தது. விரல்கள் வயரின் மேலேயே இருந்தன.

"அம்மா, இருக்கீங்களா?" என்றாள் ஜெயா.

"இருக்கேன் தங்கம்" என்றாள் தனலெட்சுமி.

ஸவாஹிரா சிரித்துக்கொண்டே முக்காட்டை ஒதுக்கி, டெலிபோனைக் காதில் வைத்தாள்.